தாதர்க் கடற்கரையில் தண்ணீர்த் தானம்

(பௌர்ணமி உபோசத நாளன்று விஹாரத்தில் நிகழ்த்திய அறவுரை)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் தண்ணீர். தம்ம மேடையில் நால்வகை வாய்மைகளையும் எண்வகை நெறியையும் விடுத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவர்கட்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்கள் தம் வாழ்நாளின் இறுதியில் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1957ஆம் ஆண்டில் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், சித்தார்த்தர் இல்லந் துறந்தமைக்கு எதனைக் காரணமாகக் காட்டுகிறார்? முதியவனையும் நோயாளியையும் பிணத்தையும் கண்டு, நள்ளிரவில் மனைவியையும் மகவையும் விட்டு அகன்றார் என்னும் கதையை அவர் ஏற்கவில்லை. சாக்கியர்க்கும் கோலியர்க்கும் நடுவே ஓடிய ரோகிணி ஆற்றின் நீரை எவர் முதலில் பாய்ச்சிக்கொள்வது என்று எழுந்த பூசலையே காட்டுகிறார். சாக்கிய சங்கம் போர் தொடுக்கத் துணிந்தது. சித்தார்த்தர் எழுந்து மறுத்துரைத்தார். சபையில் பெரும்பான்மை அவருக்கு எதிராயிற்று. போரில் சேர மறுத்த அவர், தம் குடும்பத்தார்க்குத் தீங்கு நேராவண்ணம் தாமே நாடு துறக்க ஒப்பினார். ஆகவே நாம் தழுவியிருக்கும் தம்மத்தின் முதலடி ஓர் ஆற்றங்கரைப் பூசலின்பொருட்டு எடுத்து வைக்கப்பட்டதாகும்.

நம் விடுதலைப் போரின் முதலடியும் அத்தகையதே. பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லார்க்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டசபை 1923ஆம் ஆண்டிலேயே தீர்மானம் செய்திருந்தது. மஹாத் நகராட்சியும் சவுதார்க் குளத்தைத் திறந்துவிட்டதாக எழுதி வைத்தது. எழுதியது ஏட்டில் இருந்தது. நீர் குளத்தில் இருந்தது. நம்மவர் நாவோ வறண்டிருந்தது. 1927 மார்ச்சு 20ஆம் நாள் பாபாசாகேப் ஆயிரக்கணக்கானோரை அணிவகுத்து அழைத்துச் சென்று, தம் கையால் அந்நீரை முகந்து பருகினார். அதன்பின் நம்மவர்மீது தடியடி விழுந்தது. குளம் தீட்டுப்பட்டதென்று பசுவின் சாணத்தையும் மூத்திரத்தையும் கொட்டித் 'தூய்மை' செய்தார்கள். வழக்கு பத்தாண்டு நடந்து, 1937 மார்ச்சு 17ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது. ஒரு கை நீருக்குப் பத்தாண்டு வழக்கு!

இவ்வளவையும் முன்னுரையாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்தத் தண்ணீரின் பொருட்டு நான் செய்த பிழையொன்றை இன்று உங்கள் முன்னிலையில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், பாபாசாகேப்பின் மகாபரிநிர்வாண தினத்தன்று, தாதர் சைத்தியபூமிக்கு வரும் மக்களுக்கு நம் சங்கத்தின் சார்பில் தண்ணீர்த் தானம் செய்வதென்று முடிவாயிற்று. பீப்பாய்களில் நீர் வைத்துக் குவளைகளில் கொடுப்போம் என்று இளைஞர் இருவர் சொன்னார்கள். மறுத்தவன் நான். 'புட்டித் தண்ணீர் தூய்மையானது, மூடி பிரிக்கப்படாதது, குவளை கழுவும் வேலையில்லை, கூட்டத்தில் கொடுப்பதற்கும் எளிது' என்று வாதாடி வென்றேன். 50 பெட்டிகள் வாங்கினோம். பெட்டிக்கு 24 அரைலிட்டர்ப் புட்டிகள். ஆக 1,200 புட்டிகள். ஒவ்வொன்றின்மேலும் தம்மச்சக்கரம் பொறித்த தாளில் நம் சங்கத்தின் பெயரை அச்சிட்டு ஒட்டினோம். நண்பகலுக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டன. நற்செயல் செய்த மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் விடியுமுன் மீண்டும் கடற்கரைக்குச் சென்றேன். 1956 டிசம்பர் 7ஆம் நாள் அண்ணலின் உடல் எரியூட்டப்பட்ட கரை அது. அந்நாளில் அங்கே சிறிது நேரம் அமர்ந்திருப்பது என் வழக்கம். அன்று அமர இடமில்லை. அலை ஏறி இறங்கிய கோட்டில் புட்டிகள் வரிசையாகக் கிடந்தன. பல அமைப்பினர் கொடுத்த பல புட்டிகள் அவற்றுள் இருந்தன. ஆயினும் என் கண்ணில் முதலிற் பட்டது, நுரையில் புரண்டுகொண்டிருந்த நம்முடைய தம்மச்சக்கரம். எடுத்துப் பார்த்தேன். புட்டியில் பாதி நீர் குடிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

சாக்குப் பையுடன் புட்டி பொறுக்கிக்கொண்டிருந்த பெண்மணி ஒருவர் என்னைக் கண்டு 'ஜெய்பீம்' என்றார். நானும் குனிந்து சிலவற்றை எடுத்து அவர் பையில் இட்டேன். அப்போது அவர் மராத்தியில் ஒன்று சொன்னார்: "மூடியோடு எறிந்தவை மிதந்து கரைக்கு வருகின்றன, எடுத்துக்கொள்கிறேன். மூடியைத் திறந்து எறிந்தவை உள்ளே அமிழ்ந்து போகின்றன. அவை எனக்கும் கிடைக்கா, எவர்க்கும் கிடைக்கா."

இருபதாண்டு இயந்திரத்தின்முன் நின்றவன் நான்; பொருள்களின் குணத்தை ஓரளவு அறிவேன் என்று எண்ணியிருந்தேன். இவ்வளவு எளிய உண்மை எனக்குத் தோன்றவில்லை. பின்னர் விசாரித்துப் படித்தேன். அந்த அம்மையார் சொன்னது முற்றும் சரி. புட்டி செய்யப்படும் பிளாஸ்டிக் கடல்நீரினும் கனமானது. காற்றடைத்து மூடியிருந்தாலன்றி மிதவாது. மூடியோ வேறொரு பிளாஸ்டிக்கினால் ஆனது, நீரினும் இலேசானது, எங்கும் மிதந்து செல்வது. ஒரு மிடறு நீரைக் குடித்துவிட்டு எறிகிறோம். உடல் கடலடிக்கும், தலை கடல் மேலுமாக அது பிரிந்து போகிறது.

இன்னொன்றையும் அப்போதுதான் அறிந்தேன். அந்தப் புட்டி எனக்குப் புதியதன்று. ஆலையில் பருத்தியோடு கலந்து நெய்வதற்கு வந்த பாலியெஸ்டர் இழை இருந்ததே, அதுவும் இதுவும் ஒரே பொருள். மண்ணெண்ணெய் பிறக்கும் அதே கச்சா எண்ணெயிலிருந்து பிறந்து, நீட்டினால் இழையாகவும் ஊதினால் புட்டியாகவும் ஆகிறது. பொறுக்கப்படும் புட்டிகளிற் பெரும்பகுதி நம் நாட்டில் மீண்டும் இழையாகவே மாற்றப்படுகிறது. அந்த இழையால் நெய்த ஆடையைத் துவைக்குந்தோறும் கண்ணுக்குப் புலப்படாத துகள்கள் கழிநீரோடு சென்று கடலிற் கலக்கின்றன. ஆக, பொறுக்கியதும் ஒருபகுதி கடலுக்கே போகிறது. பொறுக்காததும் கடலுக்கே போகிறது.

'சங்காரங்கள் யாவும் அநித்தியம் என்பதன்றோ பகவன் மொழி? இந்தப் புட்டியும் ஒருநாள் அழியத்தானே வேண்டும்?' என்று கேட்பாருண்டு. கேட்டும் இருக்கிறார்கள். அநித்தியம் என்பது மாறுதல். மறைந்து ஒழிதல் அன்று. பிளாஸ்டிக் வெயிலிலும் அலையிலும் உடைகிறது, உண்மைதான். துண்டாகிறது, துகளாகிறது, துகளினும் துகளாகிறது. எந்தப் புழுவும் பூஞ்சையும் அதனை எளிதில் உண்டு மண்ணாக்குவதில்லை. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஒருசாரார், இந்தியா உள்ளிட்ட 9 நாடுகளில் விற்கும் 259 தண்ணீர்ப் புட்டிகளைச் சோதித்தனர்; நூற்றுக்கு 93 புட்டிகளில் பிளாஸ்டிக் துகள்கள் இருந்தன. 2024இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் இன்னும் நுண்ணிய கருவிகொண்டு நோக்கியபோது, ஒரு லிட்டரில் ஏறத்தாழ 2,40,000 துகள்கள் எண்ணப்பட்டன. தூய்மையைக் கருதி நான் வாங்கிய தண்ணீரின் நிலை இது! குழாய்நீரில் துகளே இல்லையென்று நான் சொல்லவில்லை; அதிலும் உண்டு. ஆனால் தூய்மை என்று காசு கொடுத்து வாங்கியது தூய்மையன்று என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடலுக்கு எவ்வளவு போகிறது? 2010ஆம் ஆண்டில் மட்டும் நிலத்திலிருந்து 48 இலட்சம் முதல் 1 கோடியே 27 இலட்சம் டன் வரையிலான பிளாஸ்டிக் கடலில் சேர்ந்ததாக 2015இல் வெளியான கணக்கு ஒன்று கூறுகிறது. அத்தொகையை மனத்தில் உருவாக்கிக் காண எனக்கு இயலவில்லை. ஒரு பறவையைச் சொன்னால் உங்களுக்கும் விளங்கும். பசிபிக் சமுத்திரத்தின் நடுவே மிட்வே என்றொரு தீவு இருக்கிறது. நகரமில்லை, கடைவீதியில்லை. அல்பட்ரோஸ் என்னும் பெருங்கடற் பறவைகள் இலட்சக்கணக்கில் அங்கே கூடு கட்டுகின்றன. தாய்ப்பறவை நெடுந்தொலைவு பறந்து, அலைமேல் மிதப்பதை இரையென்று கருதி விழுங்கிக் கொணர்ந்து, குஞ்சின் வாயில் கக்கி ஊட்டுகிறது. செத்துக் காய்ந்த குஞ்சுகளின் வயிற்றில் புட்டி மூடிகள் சிவப்பும் நீலமும் வெண்மையுமாக நிறைந்து கிடக்கின்றன. தாய், தன் அன்பினாலேயே தன் மகவைக் கொல்கிறது. மெத்த சுத்தத்தைக் காலையும் மாலையும் ஓதுகிற நாம், தாய் தன் ஒரே மகவைக் காப்பதுபோல் எல்லா உயிரையும் காக்க வேண்டுமென்று சொல்லுகிறோம். அந்தத் தாயையே ஏமாற்றிவிட்டோமே!

இவ்விடத்தில் மற்றொரு கேள்வி எழும். 'நாம் தானம் செய்யவே எண்ணினோம், கொல்ல எண்ணவில்லை. எண்ணமே கருமம் என்பது பகவன் போதனை. ஆகவே நமக்குக் குற்றமில்லை' எனலாம். தம்மபத உரையில் வரும் சக்குபாலத் தேரர் கதையை அறிவீர்கள். மழை பெய்து ஓய்ந்த இரவில் அவர் உலாவியபோது பூச்சிகள் அவர் காலடியில் மிதிபட்டு இறந்தன. பிக்குகள் குறை கூறினர். பகவரோ அவரிடம் கொல்லும் எண்ணமில்லை, ஆகவே குற்றமில்லை என்றார். உண்மை. ஆனால் சக்குபாலர் கண் பார்வை இழந்தவர். டிசம்பர் 6ஆம் நாள்வரை நானும் அத்தகையவன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்வேன். 7ஆம் நாள் காலையில் எனக்குக் கண் திறந்துவிட்டது. இனி அதே செயலைச் செய்தால் அதற்குப் பெயர் அறியாமையன்று. பிரமாதம், அதாவது விழிப்பின்மை. பகவர் பரிநிர்வாணம் எய்தும் நேரத்தில் கடைசியாகச் சொன்னது, விழிப்போடு முயலுங்கள் என்பதேயன்றோ?

தண்ணீர்த் தானம் நமக்கு முன்னோர் செய்யாத புதுமையன்று. அதை எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க விரும்புவோர், தாதரிலிருந்து மின்சார இரயிலில் போரிவிலி சென்று கன்ஹேரிக் குகைகளுக்குப் போய் வாருங்கள். நூற்றுக்கு மேற்பட்ட குகைகள் அம்மலையில் குடையப்பட்டுள்ளன. கிறிஸ்து பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்தொடங்கி ஆயிரம் ஆண்டளவும் நம் பிக்கு சங்கம் அங்கே வாழ்ந்திருக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு குகையின் முன்னும் பாறையைக் குடைந்து ஒரு நீர்த்தொட்டி உண்டு. மலைமேல் விழும் மழை வீணாகாமல் அத்தொட்டிகளில் வந்து சேருமாறு பாறையிலேயே வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். சுவரிலே கல்வெட்டுகள் உள்ளன. கல்யாணிலிருந்தும் சோப்பாராவிலிருந்தும் வந்த வணிகரும் பொற்கொல்லரும் இல்லறத்தாரும் இந்தக் குகையையும் இந்தத் தண்ணீர்த் தொட்டியையும் சங்கத்திற்குக் கொடுத்தோம் என்று பொறித்திருக்கிறார்கள். நான் முதன்முறை சென்றது மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு தொட்டியில் நீர் நிறைந்து நின்றது. தவளை ஒன்று அதில் நீந்திக்கொண்டிருந்தது. கொடுத்தவன் எலும்பும் சாம்பலாகி எத்தனையோ நூற்றாண்டு ஆகியும் அவன் தானம் நீர் ஏந்தி நிற்கிறது. என் தானமோ பதினைந்து நிமிடத்தில் குடித்து முடிக்கப்பட்டது. அதன் ஓடு என் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்த பின்னும் கடலடியில் கிடக்கும், என் சங்கத்தின் பெயர் மட்டும் கரைந்துபோய்.

அக்குகைகள் இருக்கும் காட்டில்தான் துளசி ஏரியும் விஹார் ஏரியும் இருக்கின்றன. மும்பைக்கு நீரூட்டும் ஏழு ஏரிகளுள் அவை இரண்டு. விஹார், பொவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீர்தான் மித்தி ஆறாகி, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, தாராவியின் ஓரமாக மாஹிம் கடலில் விழுகிறது. 2005 ஜூலை 26ஆம் நாள் ஒரே பகலிரவில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது அந்த ஆறு என்ன செய்தது என்பதை இங்குள்ள பெரியவர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. வடிகால்களைப் பிளாஸ்டிக் அடைத்திருந்தது. வெள்ளம் மாளிகைக்குள் புகுமுன் நம் குடிசைக்குள்தான் புகுந்தது.

சில மாதங்களுக்கு முன் இவ்விஷயத்தை இதே விஹாரத்தில் சுருக்கமாகப் பேசினேன். பேச்சு முடிந்ததும் எண்பது வயதைக் கடந்த உபாசிகை ஒருவர் எழுந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளம்வயதில் இங்கு வந்தவர். "தம்பி, நீங்கள் சொல்வதெல்லாம் சரியாக இருக்கலாம். எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் எனக்குச் சிரட்டையில் ஊற்றினார்கள். பிறகு தனிக் குவளை வைத்தார்கள்; குடித்துவிட்டு நானே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். இந்தப் புட்டி வந்த பிறகுதான் காசைக் கொடுத்தால் அவனுக்குக் கொடுப்பதையே எனக்கும் கொடுக்கிறான். இதில் இரட்டைப் புட்டி இல்லை. இதையும் விடச் சொல்கிறீர்களே?" என்று கேட்டார்.

நான் மறுமொழி சொல்லாமல் நின்றேன். அவர் கேள்வியை இன்றும் எளிதாக எண்ணவில்லை. பம்பாய் ஆலைகளின் வரலாற்றை அறிந்தவர் அறிவர்: ஒருகாலத்தில் நம்மவரை நெசவுப் பகுதியில் சேர்க்கமாட்டார்கள். நாடாவில் நூல் கோக்கும்போது அதன் துளையில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். நம் எச்சில் பட்ட நாடாவை மற்றவர் தொடமாட்டார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் இந்த அநீதியை எழுப்பினார். உதடு பட்ட இடமெல்லாம் தீட்டு என்றிருந்த நாட்டில், எவர் உதடும் படாத மூடிய புட்டி ஒரு விடுதலைபோலத் தோன்றுவதில் வியப்பென்ன?

ஆயினும் பல நாள் எண்ணிப் பார்த்தபின் அந்த அம்மையாரிடம் சென்று என் மனத்திலிருந்ததைச் சொன்னேன். "அம்மா, இப்போது உங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் இரட்டைக் குவளை ஒழிந்ததென்று சொல்லுகிற கடைக்காரன் என்ன செய்கிறான்? அவர்களுக்குக் கண்ணாடிக் குவளை. நம்மவர்க்குக் குடித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் குவளை. கழுவும் வேலைகூட அவனுக்கு மிச்சம். சிரட்டையின் வேலையைப் பிளாஸ்டிக் செய்கிறது. தொட்ட குவளையைத் தொடாதே என்பது பழைய விதி. தொட்ட குவளையை எறிந்துவிடு என்பது புதிய விதி. பாபாசாகேப் மஹாத்தில் நமக்கென்று தனிக் குளம் கேட்கவில்லையே, எல்லாரும் இறங்கும் குளத்தில்தானே இறங்கினார்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "குளத்தைக் காட்டுங்கள் தம்பி, இறங்குகிறேன்" என்றார். அதுவும் நியாயமே.

குளம் எங்கே என்பதுதான் கேள்வி. 1965ஆம் ஆண்டில் இதே பம்பாயில் கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் விற்கத் தொடங்கியபோது, தண்ணீரையும் விலைக்கு விற்பதா என்று சிரித்தார்கள். பின்னர் பிளாஸ்டிக் வந்தது, விலை இறங்கியது, சிரிப்பும் நின்றது. பணமுள்ளவன் புட்டிக்குப் போனபின் தெருக்குழாய் கெட்டால் கேட்பாரில்லை. இரயில் நிலையத்துக் குழாய் துருப்பிடித்தாலும் கேட்பாரில்லை. நகரத்தில் நம்மவர் பலர்க்குக் குழாயே இல்லை. சட்டத்திற்குப் புறம்பான குடிசையாயினும் அதில் வாழ்வோர்க்குக் குடிநீர் மறுக்கலாகாது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதற்கும் ஒரு வழக்கு வேண்டியிருந்தது. ஆகவே குழாயில்லாத குடிசைத்தாய் தன் பிள்ளைக்குக் கேன் தண்ணீர் வாங்குவதை நான் பிழையென்று கூறவே மாட்டேன். அவள்மேல் பழி சுமத்துவோர் பெருகிவிட்டனர். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு இந்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தடை விதித்தது. தட்டு, குவளை, உறிஞ்சுகுழல் எல்லாம் பட்டியலில் உண்டு. தண்ணீர்ப் புட்டி இல்லை. உலக நாடுகள் யாவும் கூடி ஓர் உடன்படிக்கை செய்ய 2022 முதல் பேசின. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய கூட்டமும் ஒப்பந்தமின்றிக் கலைந்தது. செய்து குவிப்பவனைக் கேளாமல் பொறுக்குகிறவளை மட்டும் கடிந்துகொள்வது எந்த நியாயம்?

பொறுக்குகிறவர் என்றேன். அவர்களுள் மிகப் பலர் நம் உறவினர். தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் புட்டிகளை வகைபிரித்து வயிறு வளர்க்கும் குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கின்றன. 'புட்டி ஒழிந்தால் எங்கள் பிழைப்பு?' என்று அவர்கள் கேட்டால், அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. உலகில் 2015ஆம் ஆண்டுவரை எறியப்பட்ட பிளாஸ்டிக்கில் நூற்றுக்கு ஒன்பது பங்கே மறுபடி பயன்பட்டது என்கிறார்கள். அந்த ஒன்பதையும் காத்தது பெரும்பாலும் இத்தகைய கைகளே. அவர்களுக்குக் கையுறையும் நாட்கூலியும் மருத்துவமும் மாநகராட்சி கொடுக்கட்டும் என்று கேட்போம். ஆனால் அவர்கள் பிழைப்பதற்காக நாம் எறிய வேண்டும் என்னும் வாதத்தை, பிறர் கழிவை அள்ளுவதே உன் தொழில் என்று சொல்லப்பட்ட குலத்தில் பிறந்த நான் ஒப்பமாட்டேன்.

அரசும் ஆலையும் திருந்தும்வரை சிறு கூட்டத்தார் செய்யக்கூடியது ஏதுமில்லையா? இமயத்தில், வடசிக்கிமில் லாசென் என்னும் மலைச்சிற்றூர் உள்ளது. பௌத்தர் வாழும் ஊர். ஜும்சா என்னும் ஊர்ச்சபை அவர்களை ஆள்கிறது. குருதோங்மார் ஏரியைக் காண வரும் பயணிகள் எறிந்த புட்டிகள் தங்கள் ஓடைகளில் நிறைவதைக் கண்டு, அச்சபை 2012ஆம் ஆண்டில் புட்டித் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவரலாகாது என்று விதித்தது. வண்டிகளை நிறுத்திப் பார்த்தார்கள். கொதித்த நீரும் வடிகட்டிய நீரும் கொடுத்தார்கள். பிறகு 2022 சனவரி 1 முதல் சிக்கிம் மாநிலம் முழுவதற்கும் அத்தடை விரிக்கப்பட்டது. இங்கே நம் மும்பையில் வெர்சோவாக் கடற்கரையில் அப்ரோஸ் ஷா என்னும் வழக்கறிஞர் 2015 அக்டோபரில் அண்டை வீட்டாருடன் குப்பை அள்ளத் தொடங்கினார். 2018 மார்ச்சில், பல்லாண்டுக்குப் பின், அக்கரையில் ஆமைக்குஞ்சுகள் முட்டையுடைத்துக் கடலுக்கு ஊர்ந்து சென்றன. ஊர்ச்சபைகளும் வார இறுதிகளுமாகச் செய்த வேலைதான் இவை.

விநயத்தில் ஒரு செய்தி உண்டு. நெசவாலையில் இருந்தவனாதலால் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனந்தருக்கு உதேன மன்னனின் அரசியர் சீவர ஆடைகளை நிறையக் கொடுத்துவிட்டார்கள். மன்னன் ஐயுற்று, இவ்வளவையும் வைத்து என்ன செய்வீர் என்று வினவினான். பழைய சீவரமுடைய பிக்குகளுக்குக் கொடுப்போம் என்றார். பழையதை? விரிப்பாக்குவோம். பழைய விரிப்பை? மெத்தை உறையாக்குவோம். பழைய உறையை? தரைவிரிப்பாக்குவோம். அதன்பின்? கால்துடைக்க, பிறகு தூசி தட்ட. கடைசியில் கந்தலை நறுக்கிக் களிமண்ணோடு குழைத்துத் தரை மெழுகுவோம் என்றார். மன்னன் மகிழ்ந்து இன்னும் ஆடைகள் கொடுத்தான். அச்சங்கத்தில் ஒவ்வொரு பிக்குவுக்கும் தண்ணீர் வடிகட்டும் துணியொன்று உரிய உடைமையாக இருந்தது. நீரிலுள்ள சிற்றுயிர் வாய்க்குள் போய் இறவாமலிருக்கவே அத்துணி. நோயுற்றாலன்றி நீரில் உமிழலாகாது என்பதும் அவர்கட்கு விதி. நம் மணிமேகலையின் கையிலிருந்ததும் ஒரே ஒரு பாத்திரந்தானே? ஆபுத்திரன் கையிலிருந்து கோமுகிப் பொய்கைக்குப் போய், அங்கிருந்து மணிமேகலை கைக்கு வந்தது. புதுப் பாத்திரம் எவரும் கேட்கவில்லை.

ஆகவே சென்ற வாரம் சங்கத்தின் நிர்வாகக் குழு கூடியபோது, சென்ற ஆண்டு நான் வென்ற வாதத்தை நானே திரும்பப் பெற்றுக்கொண்டேன். இவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் நம் தண்ணீர்ப் பந்தலில் புட்டி கிடையாது. 1,200 அரைலிட்டர்ப் புட்டிகளில் இருந்த நீர் 600 லிட்டர். 200 லிட்டர் கொள்ளும் பீப்பாய் மூன்று இருந்தால் போதும். மாநகராட்சி ஆண்டுதோறும் சிவாஜி பூங்காவில் குடிநீர்க் குழாய்களும் தண்ணீர் லாரிகளும் அமைக்கிறது. காலியாகக் காலியாக அங்கிருந்து நிரப்பிக்கொள்ளலாம். வடிகட்டத் துணியும், போடுவதற்குக் குளோரின் மாத்திரையும் வாங்கியாயிற்று. எவர்சில்வர்க் குவளை 150. சொந்தப் புட்டி கொண்டுவருவோர்க்கு அதிலேயே நிரப்பிக் கொடுப்போம். உங்களுள் சிலர் குவளையை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்கிறீர்கள். அது எந்தக் காலத்துப் பழக்கம், எவரிடம் கற்றது என்று எண்ணிப் பாருங்கள். விருப்பம்போல் குடியுங்கள், ஆனால் சவுக்காரமும் வெந்நீரும் இருக்கும்போது உதட்டுக்கு அஞ்ச வேண்டாம்.

கழுவுவதற்கு இரண்டு பெரிய தொட்டிகள், மணிக்கு மூன்று பேர். பெயர்ப்பட்டியல் வாயிற்படியருகே தொங்குகிறது. முதற்பெயராக என் பெயரை எழுதியிருக்கிறேன். மற்ற இடங்கள் இன்னும் நிரம்பவில்லை. பெண்கள் பெயர் மட்டுமே வருகிறது. ஆண்கள் பெயரையும் எதிர்பார்க்கிறேன். 5ஆம் நாள் மாலையே பந்தல் கட்டி முடிக்க வேண்டும். 7ஆம் நாள் விடியுமுன் நாமும் சாக்குப்பையோடு கரைக்குப் போகிறோம். பிறர் போட்டதையும் சேர்த்தே எடுப்போம். பொறுக்குகிற பெண்களுக்கு அது வருமானமாதலால், எடுத்ததை அவர்களிடமே ஒப்படைப்பதென்று முடிவு.

எண்பது வயது உபாசிகையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். "எந்தக் குவளையில் யார் குடிக்கிறார்கள், யார் கழுவுகிறார்கள் என்று நாள் முழுவதும் உட்கார்ந்து பார்ப்பேன், தம்பி. பார்த்தபிறகுதான் குடிப்பேன்" என்றார். பந்தலில் பீப்பாய்க்கு எதிரே, வெயில் படாத இடத்தில், அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.